எதையும் காட்டாத பதக்கம்

நாணயச்சாலையின் மூன்றாவது மாடியில் ஒரே ஒரு அறைதான் பதக்கப் பிரிவு. அங்கே ஒன்பது வருடமாகப் பதக்கம் செதுக்கி வந்தவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஓர் உறை வந்தது. உறைக்குள் இன்னோர் உறை. அதற்குள் இரண்டு தாள்கள். முதல் தாளில், "ஒரு போரில், ஓர் இடத்தில், ஒரு பிரிவினர் ஆற்றிய ஒரு செயலைப் பாராட்டி ஒரு பதக்கம் வடிவமைக்கப்பட வேண்டும். விவரங்கள் இணைப்பில்" என்று இருந்தது. இரண்டாவது தாளில் எதுவுமே இல்லை.

அச்சாகாத தாள் தவறி வந்துவிட்டது என்று நினைத்து, அனுப்பிய அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். பதினைந்தே நிமிடத்தில் பாதுகாப்பு அதிகாரி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"ஃபோன்ல இணைப்பு வரலைன்னு சொன்னீங்களாமே? அப்படின்னா இணைப்புன்னு ஒண்ணு இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்குமே."

"வெறும் தாள்தான் சார் வந்திருக்கு."

"அதுதான் விவரம்."

அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். இந்தப் பணியைப் பற்றிச் சொல்லவோ எழுதவோ சாடையாகக் காட்டவோ மாட்டேன், மீறினால் பதினான்கு வருடச் சிறை. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். வேலையை மறுக்க முடியுமா என்று கேட்டாள். மறுக்கிற பணி எது என்று எழுதித் தந்தால் மறுக்கலாம் என்றார் அதிகாரி. எழுதினால் பதினான்கு வருடம். கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் அவள் வீட்டுக்கும் வந்தார். அவள் கணவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனிதரிடம், "உங்க மனைவி தூக்கத்துல பேசுவாங்களா?" என்று கேட்டார்.

"முழிச்சிருக்கும்போதே அதிகம் பேச மாட்டா சார்."

"ஒருவேளை பேசினா உடனே எழுப்பிடணும். என்ன பேசினாங்கன்னு நீங்க கேட்கக் கூடாது."

"எழுப்பணும்னா காதுல விழுந்தாத்தானே சார் எழுப்ப முடியும்?"

அதிகாரி யோசித்தார். "விழலாம். ஆனா புரியக் கூடாது."

"அதுக்கென்ன சார், கல்யாணமானதிலேர்ந்து அப்படித்தான்" என்று சொல்லிக் கணக்கு வாத்தியாரும் கையெழுத்துப் போட்டார். அதிகாரி போனபிறகு அவர் சிரிக்கவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு, "என்னம்மா செஞ்சே நீ?" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்பதைத் தவிர எதையும் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசவில்லை.

வடிவத்தை ஆராய இரண்டு குழுக்கள் இருந்தன: முன்பக்கக் குழு, பின்பக்கக் குழு. இரண்டுக்கும் தலைவர் ஒருவரே. ஓய்வுபெற்ற தளபதி. இரண்டிலும் பாதுகாப்பு அதிகாரியும் குறிப்பெழுதும் செயலரும் உறுப்பினர்கள். பதினோரு மணிக்கு முன்பக்கக் குழு கூடும். பிறகு டீ. பிறகு அதே மூவர் அதே மேஜையின் எதிர்ப்பக்கத்துக்குப் போய் உட்கார்ந்து பின்பக்கக் குழுவாகக் கூடுவார்கள். முதல் கூட்டத்தில் அறிந்தது இரண்டாவது கூட்டத்துக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அவள் ஒருமுறை, "முன்பக்கத்துக்கு நான் காட்டின படம்..." என்று ஆரம்பித்தபோது தளபதி, "எந்த முன்பக்கம்?" என்றார். அவர் உதட்டில் டீயின் ஈரம் இன்னும் காயவில்லை.

முதல் கூட்டத்துக்கு அவள் ஒரு படகை வரைந்து எடுத்துப் போனாள். பாதுகாப்பு அதிகாரி படத்தைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"படகுன்னு யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல சார். போர்னா நிலம், கடல், வானம் மூணுல ஒண்ணுதானே? சும்மா கடல்னு எடுத்தேன்."

"மூணுல ஒண்ணு! எதிரியும் இப்படித்தான் யோசிப்பான்."

"பொருத்தமின்மையால் படகு நிராகரிக்கப்பட்டது" என்று செயலர் எழுதினார்.

"பொருத்தம் இல்லையா சார்?" என்று கேட்டாள் அவள்.

"பொருத்தம் இருக்கு. அதனாலதான் வேண்டாங்கறோம். ஆனா அப்படிக் குறிப்புல எழுத முடியாதே."

அடுத்த வாரம், முடிச்சுப் போட்ட கயிறு. பாதுகாப்பு அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நிராகரிப்பு. அதற்கடுத்த வாரம் வேறு வழி தெரியாமல் ஓர் இலைமாலை வரைந்தாள். இலைமாலையை எந்தப் பதக்கத்திலும் போடலாம், யாரும் கேள்வி கேட்டதில்லை. செயலர் பேனா முனையால் இலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஏழு" என்றார்.

"ஏன் ஏழு?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"வட்டத்துல அடங்கிச்சு சார். வேணும்னா எட்டாக்கிடறேன்."

"ஏழை மறைக்கத்தான் எட்டுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. ஆறுன்னா ஒருத்தன் எங்கேன்னு கேப்பாங்க. எண்ண முடியாத இலை வரைய முடியுமா?"

இத்தனைக்கும் நடுவே தளபதி அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தார். படகோ கயிறோ அவரை எழுப்பவில்லை. ஏழு என்ற சொல்லுக்கு மட்டும் ஒருமுறை கண் திறந்து மூடினார். நாட்டின் மானத்தைக் காக்கும் வேலையில் தூங்குவதும் ஒரு பங்கு என்று அவர் கருதியிருக்கலாம்.

நான்காவது வாரம் அவள் ஒரு விளக்கு வரைந்தாள். பள்ளிக்கூடப் பதக்கம், ஆஸ்பத்திரிப் பதக்கம், பேச்சுப் போட்டிப் பதக்கம் எல்லாவற்றிலும் விளக்கு இருக்கும். அதைவிடச் சாதுவான படம் அவளுக்குத் தெரியாது.

தளபதி நாற்காலி பின்னால் சாய்ந்து விழும்படி எழுந்தார். அவர் இப்படி நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததே இல்லை. அவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது.

"யாரு அனுப்பினாங்க உன்னை?"

"சார்..."

"விளக்கை ஏன் வரைஞ்சே? யாரு சொன்னா? எவ்வளவு தெரியும் உனக்கு?" படத்தை எடுத்துக் குறுக்கே கிழித்தார். மறுபடி கிழித்தார். துண்டுகள் சிறிதாகி, கிழிக்க முடியாத அளவுக்கு வந்தபிறகும் அவர் விரல்கள் கிழித்துக்கொண்டே இருந்தன.

அவளைக் கீழ்த்தள அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒன்பது வருடமாக அவள் செதுக்கிய எல்லாப் பதக்கங்களையும் மேஜையில் பரப்பினார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒன்றைத் தனியே எடுத்தார். ஆறு வருடத்துக்கு முன் செவிலியர் சங்கத்துக்காகச் செய்தது. நடுவில் ஒரு விளக்கு.

"அப்பவே தெரியுமா?"

"நர்ஸுங்களுக்கு விளக்குதான் சார் போடுவாங்க."

"நர்ஸுங்களுக்கும் தெரியுமா?"

மனிதர் விளையாடவில்லை. செவிலியர் சங்கத்தின் முகவரியைக் குறித்துக்கொண்டிருந்தார்.

முடிவில் அவளிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கினார்கள். "படகு, முடிச்சிட்ட கயிறு, ஏழு இலைகள், கரை விளக்கு ஆகிய நான்குக்கும் மேற்படி பிரிவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை." அவள் வரைந்தது வெறும் விளக்குதான். கரை என்ற சொல்லை அவர்களே சேர்த்திருந்தார்கள். அலுவலக முத்திரையோடு நகல் ஒன்றும் அவளுக்குக் கிடைத்தது. அதன் தலையில் 'ரகசியம்' என்று மட்டும் போடவில்லை. போட்டால் தொடர்பு இருக்கிறது என்று ஆகிவிடுமாம்.

அன்று முதல் அவள் அறை வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்தார். அவள் வேலையைப் பார்க்கிற அனுமதி அவருக்கு இல்லாததால், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காவல் காத்தார்.

கடைசியில் எந்தப் படமும் இல்லாத பதக்கம் என்று முடிவானது. 'நன்றி' என்று ஒரு சொல்லாவது இருக்கட்டும் என்றார் செயலர். நன்றி என்றால் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள் என்று ஆகிறது என்றார் பாதுகாப்பு அதிகாரி. சொல்லும் போயிற்று. வெள்ளி வட்டம், வழவழப்பான முன்பக்கம், வழவழப்பான பின்பக்கம். "பளபளப்பு கம்மியா இருக்கட்டும்" என்றார் தளபதி. "பாக்கிறவன் மூஞ்சி அதுல தெரியக் கூடாது."

அந்த வாரம் நாணயச்சாலையின் கீழ்த்தளக் கவுன்டரில் ஒரு பெண் வந்து காத்திருப்பதாகச் சொன்னார்கள். பழைய பதக்கங்களுக்கு வளையம் மாற்றவும் நாடா மாற்றவும் பொதுமக்கள் வருகிற இடம் அது. காவலாளி சாப்பிடப் போயிருந்ததால் அவள் தனியே இறங்கிப் போனாள். வந்தவளுக்கு அறுபதை ஒட்டிய வயது, கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"நான் தையல்காரிம்மா. நாடா அகலம் கேக்க வந்தேன்னு வாசல்ல பொய் சொல்லிட்டுதான் உள்ள வந்தேன்" என்று மெல்லச் சொல்லி ஒரு கடிதத்தை நீட்டினாள். "குறிப்பிட இயலாத ஒரு நிகழ்ச்சிக்குத் தங்களை அழைப்பதில் பெருமை கொள்கிறோம்" என்று ஆரம்பித்தது அது. உறையின் பின்னால் பதக்கப் பிரிவின் எண்.

"எங்க அண்ணன் போருக்குப் போனான்மா. நாப்பத்தியோரு வருஷமாச்சு. 'தங்கள் அண்ணன் விடுப்பில் இருக்கிறார்'னு ஒரு தந்தி வந்துச்சு. அவ்வளவுதான். வருஷா வருஷம் லீவை நீட்டிக்க நான்தான் ஃபாரம் எழுதிக் கொடுக்கிறேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். 'சொந்த வேலை'ன்னு எழுதச் சொன்னாங்க. எழுதறேன்."

"எழுதாம விட்டா?"

"ஓடிப்போனவன்னு ஆயிடுமாம்." தையல்காரி நாடாவை விரலில் சுற்றினாள். "அந்த க்யூவுல நின்னே மத்த ஆறு குடும்பத்தையும் தெரிஞ்சுக்கிட்டேன். எல்லாருக்கும் ஒரே நாள் தந்தி. ஏழு பேர் பேரும் எனக்கு மனப்பாடம். அவங்க எப்படிச் செத்தாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பதக்கம் செதுக்குபவளுக்குத் தான் கையெழுத்திட்ட படிவம் கண்முன் வந்தது. சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, சாடை காட்டக் கூடாது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்கள் யாரென்று தெரியாது. வீட்டில் கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் கணவனின் முகம் நினைவுக்கு வந்தது.

பிறகு கைப்பையைத் திறந்து உறுதிமொழியின் நகலை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பிரிவோடு எந்தத் தொடர்பும் இல்லாத நான்கு பொருள்களின் பட்டியல். அரசாங்கமே முத்திரை குத்திச் சொல்லியிருக்கிறது, தொடர்பில்லை என்று. அதைக் காட்டினால் குற்றமில்லை. குற்றமில்லை என்று தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள்.

தையல்காரி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். படகு. கயிறு. ஏழு. கடைசிச் சொல்லில் விரல் நின்றது.

"கிளம்பும்போது எங்கண்ணன் சொன்னான்மா. 'கரையில ஒரு விளக்கு ஏத்துவாங்க, அதைப் பாத்துத் திரும்பிடுவோம், பயப்படாதே'ன்னு." அவள் நிமிர்ந்தாள். "விளக்கை ஏத்தலையா?"

பதக்கம் செதுக்குபவள் தாளை மடித்து உள்ளே வைத்தாள்.

"யாரு ஏத்தணும்?"

அவள் கவுன்டரிலிருந்த ரசீதுப் புத்தகத்தைத் தையல்காரியின் பக்கம் நகர்த்தி, "நாடா மாத்தணும்னா பேர் எழுதணும்மா" என்றாள். தையல்காரி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு பெயர்களை எழுதினாள்.

அச்சடிப்புக்கான இறுதி அனுமதிப் படிவம் மறுநாள் வந்தது. முன்பக்கம்: வெறுமை, அனுமதிக்கப்பட்டது. பின்பக்கம்: வெறுமை, அனுமதிக்கப்பட்டது. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. விளிம்பு. அதை எந்தக் குழு ஆராய வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

அவள் பதக்கங்களை வழக்கத்தைவிடத் தடிமனாக அடித்தாள். பிறகு இரண்டு பகல், பிடிப்பானில் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, விளிம்பைச் சுற்றி மெல்லிய உளியால் பெயர்களை வெட்டினாள். ஏழு பதக்கம், ஒவ்வொன்றிலும் ஏழு பெயர். நான்காவது பதக்கத்தில் உளி வழுக்கிக் 'கிரீச்' என்றது.

"என்னம்மா சத்தம்?" என்றார் காவலாளி, திரும்பாமல்.

"வேலைதாண்ணே."

"ஐயோ, சொல்லாதீங்கம்மா! எனக்கு அனுமதி இல்ல." அவர் நாற்காலியை இன்னும் ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

விழா நாளன்று காலை பாதுகாப்பு அதிகாரி பதக்கங்களைச் சோதித்தார். வெள்ளிமேல் கறை படக் கூடாதென்று கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பூதக்கண்ணாடியில் முன்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஏழு பதக்கங்களுக்கும் இப்படி இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அவர் விரல்கள் மூடியிருந்த இடத்தைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

"அருமை" என்றார் அவர். "ஒண்ணுமே இல்ல."

நாணயச்சாலையிலேயே ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில் விழா. ஏழு குடும்பங்களில் ஒன்றில் யாரும் உயிரோடு இல்லை. மற்ற ஆறு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் வந்திருந்தார்கள். வாசலில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: "நான் எந்த விழாவிலும் கலந்துகொள்ளவில்லை. எனக்கு எந்தப் பதக்கமும் வழங்கப்படவில்லை." பதக்கம் செதுக்குபவள் தட்டை ஏந்தி நின்றாள். தளபதி ஒவ்வொரு பதக்கமாக எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைத்தார். ஆளில்லாத ஏழாவது பதக்கம் அவர் கையிலேயே தங்கியது. அதைப் பிடித்தபடி பேசினார்.

"நீங்க எல்லாரும் பெருமைப்படணும். எதுக்குன்னு நான் சொல்ல முடியாது. உங்க வீட்டுப் பிள்ளைங்க ஒழுங்கானவங்க. ஆணைன்னா ஆணை. ஒரு ராணுவத்தோட உயிர் ஆணையிலதான் இருக்கு. அதை எழுத்துல வாங்கணும், வாங்கினபிறகுதான் செய்யணும். அந்த ஒழுக்கத்தை நான் என் வாழ்நாள்ல ஒரு தடவைகூட மீறினதில்ல."

"ஐயா" என்று தையல்காரி எழுந்தாள். "விளக்கை ஏன் ஏத்தல?"

பாதுகாப்பு அதிகாரி பாய்ந்து முன்னால் வந்தார். "கேள்விகளுக்கு நிகழ்ச்சி நிரல்ல இடம் இல்ல!"

பேசும்போது தளபதியின் கட்டைவிரல் பதக்கத்தின் விளிம்பை வருடிக்கொண்டிருந்தது. இப்போது அது நின்றது. மெல்லத் திரும்பி வந்து மறுபடி தடவியது. பதக்கத்தைக் கண்ணருகே தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். பிறகு தட்டேந்தி நின்றவளைப் பார்த்தார். பதினான்கு வருடம் என்று அவள் நினைத்தாள்.

"ஏத்தினோம்" என்றார் தளபதி.

"ஏத்தினீங்களா?"

"ஆணை ராத்திரி வரல. எண்ணெய் இருந்துச்சு, திரி இருந்துச்சு, கையில தீப்பெட்டி வெச்சுக்கிட்டு நின்னேன். ஆணை வரல. காலையில பத்து மணிக்கு வந்துச்சு. உடனே ஏத்திட்டேன். வெயில்ல. சாயங்காலம் வரைக்கும் எரிஞ்சுது. பதிவேட்டுல இருக்கு."

செயலர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "இதைக் குறிப்புல எழுதலாமா சார்?" என்று கேட்டார். கூட்டமே நடக்கவில்லையே, எங்கே எழுதுவது என்றார் பாதுகாப்பு அதிகாரி. பிறகு அவர் வெல்வெட் பெட்டியைத் திறந்து தையல்காரியிடம் நீட்டினார்.

"விழா முடிஞ்சுது. பதக்கம் ரகசியப் பொருள். திருப்பிக் கொடுத்துடுங்க."

"எந்தப் பதக்கம்?" என்றாள் தையல்காரி.

"கையில இருக்கே, அது."

"எனக்கு எந்தப் பதக்கமும் தரலன்னு இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்கதான் வாங்கினீங்க."

அதிகாரி அந்தத் தாளை எடுத்துப் படித்தார். அவரே எழுதியது. மேலிருந்து கீழாகவும் ஒருமுறை கீழிருந்து மேலாகவும் படித்தார். மற்ற ஐந்து பேரும் கையை மூடிக்கொண்டார்கள். அவர் தளபதியைத் திரும்பிப் பார்த்தார். தளபதி தம் கையிலிருந்த பதக்கத்தைச் சட்டைப்பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார்.

"இல்லாத பொருளை எப்படிய்யா திருப்பி வாங்குவே?" என்றார். நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தார்.

வெளிவாசலில் காவல்காரன் தையல்காரியின் பையைச் சோதித்தான். பதக்கத்தை எடுத்து, வெளியே கொண்டுபோகக் கூடாத பொருள்களின் பட்டியலோடு ஒப்பிட்டான். பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பதக்கம் செதுக்குபவள் மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தாள். தையல்காரி சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். வெயிலில் பதக்கத்தைச் சாய்த்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்திப் புடவை நுனியால் துடைத்தாள். பிறகு பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து, நின்றபடியே நாலு தையலில் அதன் வளையத்தைப் புடவைத் தோளில் தைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. படியில் நின்ற கண்டக்டர் பதக்கத்தைக் கண்டு ஏதோ கேட்டார். அவள் முதல் இருக்கையில் உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்கினாள். மேலே ஜன்னலுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் முன்வரிசைத் தலைகள் அவள் பக்கம் திரும்பின, பின் நடுவரிசையில் சில, கடைசியில் நின்றுகொண்டிருந்தவர்களும் முன்னால் நகர்ந்து வந்தார்கள். கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார். பஸ் கிளம்பவே இல்லை.